செட்டிநாட்டிலிருந்து இதழியல் படிக்கப் போகிறவர்களுக்கு: பிளஸ் டூவிலிருந்து முதல் வேலை வரை

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளே காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்து ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "பிள்ளை மீடியா படிக்க வேண்டும் என்கிறது, எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?" கல்லூரி எது என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளைக்கு எந்த வேலை மேல் ஆசை, அந்த வேலையில் இதுவரை எதைச் செய்து பார்த்திருக்கிறது என்ற இரண்டும் அதற்கு முன்னால் வருகின்றன.

மாவட்டச் செய்திகளைத் திருத்தும் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை கேட்டு வருகிறவரின் பட்டச் சான்றிதழை ஆசிரியர் குழுவினர் கடைசியில்தான் புரட்டுவார்கள். "என்ன எழுதியிருக்கிறாய், காட்டு" என்பதுதான் முதல் பேச்சு. ஆகவே, மூன்றாண்டுப் படிப்பு முடியும்போது காட்டுவதற்குக் கையில் இருபது, முப்பது நல்ல செய்திகள் சேர்ந்திருக்கும்படி திட்டமிடுவதற்கான வழிகாட்டி இது. அந்தச் செய்திகளுக்குத் தேவையான நிலம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

முதல் படி: எந்தப் பட்டம்?

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு முடித்தவருக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது பி.ஏ. இதழியல் அல்லது இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல். செய்தி எழுதுதல், திருத்துதல், ஊடகச் சட்டம், இதழியல் வரலாறு ஆகியவை இதன் முதுகெலும்பு. அடுத்தது பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல், அதாவது ஊரெல்லாம் விஸ்காம் என்று சொல்லும் படிப்பு. ஓவியம், ஒளிப்படம், வடிவமைப்பு, விளம்பரம், குறும்படம், படத்தொகுப்பு என்று போகும் இந்தப் பாடத்திட்டத்தில் செய்திக்கு ஓரிரு தாள்களே இருக்கும். பி.எஸ்சி. மின்னணு ஊடகம் என்ற மூன்றாவது, வானொலி, தொலைக்காட்சித் தயாரிப்பை நோக்கியது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் விஸ்காமைத்தான் பத்திரிகைப் படிப்பு என்று நினைத்துச் சேர்கிறார்கள். இரண்டாம் ஆண்டில், "கேமரா பிடிக்க வராது, எழுதத்தான் ஆசை" என்று முழிக்கிறார்கள். சினிமா, விளம்பரம், வடிவமைப்பு மேல் மனம் போனால் விஸ்காம் நல்ல படிப்புதான். சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் நின்று செய்தி சேகரிக்க ஆசைப்படுகிறவர் இதழியல் என்ற சொல் பட்டத்தின் பெயரிலேயே உள்ள படிப்பைத் தேட வேண்டும். அது கிடைக்காவிட்டால் நான்காவதாக ஒரு வழி உண்டு. என் கணக்கில் பலருக்கு அதுவே சிறந்தது. பொருளாதாரம், வரலாறு, தமிழ், ஆங்கிலம், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் ஒன்றை இளநிலையில் ஒழுங்காகப் படித்துவிட்டு, இதழியலை முதுநிலையில் படிப்பது. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இரண்டிலும் இதழியல் முதுநிலைத் துறை உண்டு. சென்னை தரமணியில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், டெல்லியிலுள்ள இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் ஆகிய இரண்டும் எந்தப் பட்டம் பெற்றவரையும் முதுநிலைப் படிப்புக்கு எடுத்துக்கொள்கின்றன. வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரிந்த பொருளாதாரப் பட்டதாரியைச் செய்தி ஆசிரியர்கள் விட மாட்டார்கள்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் பி.ஏ. இதழியலில் சேரத் தடையில்லை. "கலைப் பிரிவு எடுத்தால்தான் மீடியா" என்று பதினொன்றாம் வகுப்பிலேயே பிரிவை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: எங்கே படிப்பது?

ஊரிலேயே படிக்க நினைப்பவருக்குக் காரைக்குடி கெட்ட இடமல்ல. வள்ளல் அழகப்பர் 1947-இல் தொடங்கிய கல்லூரி இன்று அழகப்பா அரசு கலைக் கல்லூரியாக நிற்கிறது. 1985-இல் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. மேலே சொன்ன நான்காவது வழிக்கு, வீட்டுச் சாப்பாட்டுடன் குறைந்த கட்டணத்தில் மூன்றாண்டை முடிக்க இவை போதும். சுற்றுவட்டாரச் சுயநிதிக் கல்லூரிகளில் அவ்வப்போது விஸ்காம் தொடங்குவார்கள், சேர்க்கை குறைந்தால் நிறுத்துவார்கள். சேருகிற ஆண்டில் நேரில் போய்ப் பாருங்கள்.

திருச்சியும் மதுரையும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தினமும் பஸ்ஸில் போய் வருவதாகச் சொல்லிச் சேருகிறவர்கள் மூன்றாம் மாதம் விடுதி தேடுவார்கள், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள். திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இருக்கிறது. மதுரையிலும் தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் உண்டு.

சென்னை என்றால் லயோலாவில் விஸ்காம், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல், பெண்களுக்கு எம்.ஓ.பி. வைஷ்ணவக் கல்லூரியில் இரண்டும் என்று விரிகிறது. சென்னையில் படிப்பதன் உண்மையான பயன் கல்லூரிக் கட்டடத்தில் இல்லை. செய்தி அலுவலகங்கள், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன. மாலையில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் போய் உட்கார முடியும். அப்படிப் போகாமல் விடுதிக்கும் வகுப்புக்கும் நடந்துகொண்டே மூன்றாண்டைக் கழிப்பதானால் பல்லவன் எக்ஸ்பிரஸ் டிக்கெட் காசு வீண்.

வெளி மாநில மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, உதாரணமாக டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் இதழியல் பட்டத்துக்கு, கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2022-இல் இளநிலைப் படிப்புகளுக்குத் தொடங்கிய இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களிலேயே வந்துவிடும். முடிவு வந்த பிறகு யோசிப்போம் என்றிருந்தால் வாசல் மூடியிருக்கும்.

எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் துறைக்குள் போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆசிரியர்களில் எத்தனை பேர் செய்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள்? மாணவர்கள் நடத்தும் இதழின் சென்ற மாத இதழைக் காட்ட முடியுமா? பயிற்சிக்கு மாணவர்களை எந்த அலுவலகங்களுக்கு அனுப்பினீர்கள்? கணினி அறையில் எத்தனை இயந்திரங்களில் தமிழ் தட்டச்சு ஓடுகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பல துறைகள் தடுமாறும். விளக்கொளி மின்னும் ஸ்டூடியோவைக் காட்டி அசத்தப் பார்ப்பார்கள். அந்த அறையைச் சென்ற வாரம் யார் பயன்படுத்தினார்கள் என்று பதிவேட்டைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பமும் பணமும்

அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் அனைத்துக்கும் உயர்கல்வித் துறையின் டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக மே மாதத்தில் திறக்கும். தமிழ், ஆங்கிலம் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை போடுவார்கள். தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் கேட்பவர்களுக்கு அந்தந்த மொழிப் பாட மதிப்பெண்தான் அடிப்படை. உதவி பெறும் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு மூன்றையும் ஏப்ரலிலேயே தயார் செய்துவிடுங்கள். மே மாதம் இ-சேவை மையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் இவை நீண்டன. இவை கல்லூரி வழியாகத்தான் பதிவாகும் என்பதால், சேர்ந்த வாரமே அலுவலகத்தில் கேட்டு, நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. இதழியல் பட்டத்துக்கு அதை எதிர்பார்த்து இருக்காதீர்கள். நகரத்தார் சங்கங்களிலும் ஊர் அறக்கட்டளைகளிலும் கல்வி உதவி கிடைப்பதுண்டு. ஆனால் "மீடியா" என்று விண்ணப்பத்தில் எழுதினால் அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அவருக்குப் பதில் சொல்ல ஒரு செய்தி தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தமிழ் இதழியலை வளர்த்த ஊர்களில் காரைக்குடிக்கு முன்வரிசை இடம் உண்டு. 1920-களிலேயே இங்கிருந்து ராய. சொக்கலிங்கம் 'ஊழியன்' இதழையும், சொ. முருகப்பா 'குமரன்' இதழையும் நடத்தினார்கள். புதுமைப்பித்தன் சிறிது காலம் ஊழியனில் வேலை பார்த்திருக்கிறார். ராயவரத்து வை. கோவிந்தன் 1939-இல் 'சக்தி' தொடங்கினார். எஸ்.ஏ.பி. அண்ணாமலை 1947-இல் 'குமுதம்' தொடங்கினார். 'கல்கண்டு' தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் பாட்டெழுத வருவதற்கு முன் இதழாசிரியர். ஏவி. மெய்யப்பன் கோடம்பாக்கம் போவதற்கு முன் ஸ்டூடியோ நடத்தியதும் காரைக்குடியில்தான். வட்டிக் கடையும் பர்மாவும் மட்டுமே இந்த ஊரின் தொழில் வரலாறு என்று நினைக்கும் பெரியவர், இந்தப் பட்டியலைக் கேட்டதும் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்வார்.

நான்காம் படி: முதலாண்டில் மொழியைச் செப்பனிடுங்கள்

தமிழ்நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் மாறினாலும் கட்டமைப்பு ஒன்றுதான். ஆறு பருவங்கள், தமிழும் ஆங்கிலமும் தனித்தனிப் பகுதிகள், பிறகு முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். முதலாண்டில் மொழித் தாள்களே அதிகம். பிள்ளைகள் இதை வெட்டிப் பாடம் என்று தள்ளுகிறார்கள். திருத்தும் மேசையில் ஒரு நாள் உட்கார்ந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகுவது முதல் வேலை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை கைப்பேசிக்குப் போதும். நெருக்கடி நேரத்தில் ஐந்நூறு சொல் அடிக்க அது கைகொடுக்காது. தினம் அரை மணி நேரம் பழகினால் ஒரு பருவத்துக்குள் விரல்கள் தாமாக ஓடும்.

மொழிபெயர்ப்பு அடுத்தது. தமிழ் நாளிதழ்களின் உதவி ஆசிரியர் தேர்வில் ஆங்கிலச் செய்தி ஒன்றைக் கொடுத்துத் தமிழில் தரச் சொல்வார்கள். பலர் தோற்பது அங்கேதான். பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்தி ஒன்றை மாலையில் நீங்களே தமிழாக்குங்கள். மறுநாள் காலை தினமணி, இந்து தமிழ் திசை, தினத்தந்தி மூன்றிலும் அதே செய்தி எப்படி வந்திருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினத்தந்தியின் வாக்கியம் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று யோசியுங்கள். அதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

செய்தியின் முதல் பத்தியான லீட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் மாவட்டச் செய்திகளைப் பிடித்த நோய்க்கு "முன்னிலை வகித்தார்" என்று பெயர் வைக்கலாம். எடுத்துக்காட்டுக்காக நானே கட்டிய ஒரு செய்தி:

"ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் நடைபெற்றது. கூட்டத்திற்கு ஊராட்சித் தலைவர் தலைமை தாங்கினார். துணைத் தலைவர் முன்னிலை வகித்தார். ஊராட்சிச் செயலர் வரவேற்றார். கூட்டத்தில் குடிநீர் உள்ளிட்ட பல்வேறு கோரிக்கைகள் குறித்து விவாதிக்கப்பட்டது. முடிவில் நன்றி கூறப்பட்டது."

இதில் செய்தி எங்கே? யாருக்கு என்ன நடந்தது? அதே கூட்டத்தை இப்படித் தொடங்கலாம்:

"மூன்று மாதமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடங்களுடன் வந்த பெண்கள், வரவு செலவுக் கணக்கைப் படித்து முடிக்கும் வரை ஊராட்சித் தலைவரை எழ விடவில்லை. மோட்டார் பழுதுக்கு இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டதாகக் கணக்கில் இருந்தது."

தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றி நான்கையும் வெட்டியதும் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. "கூறப்படுகிறது", "பரபரப்பு ஏற்பட்டது", "சமூக ஆர்வலர்கள் எதிர்பார்க்கின்றனர்" ஆகிய மூன்றையும் முதலாண்டிலேயே கையை விட்டு ஒழித்துவிடுங்கள். கூறியவர் யார் என்று தெரிந்தால் பெயரைப் போடுங்கள், தெரியாவிட்டால் அது இன்னும் செய்தியாகவில்லை. எதிர்பார்ப்பவர் நீங்கள்தான் என்றால் அதற்குத் தலையங்கப் பக்கம் இருக்கிறது.

ஐந்தாம் படி: இரண்டாமாண்டில் ஊரைப் படியுங்கள்

பாதிப் பிள்ளைகள் செட்டிநாடு என்றதும் நாலு கட்டு வீடு, ஆத்தங்குடிக் கல், பெப்பர் சிக்கன் என்று எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லாரும் எழுதித் தீர்த்தாகிவிட்டது. ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியே எழுதியாக வேண்டும் என்றால், கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் குழம்பை ஊற்றும் தொழிலாளிக்குக் கல் ஒன்றுக்கு எவ்வளவு கூலி, சிமெண்டில் கை வைத்தே வேலை பார்ப்பவருக்குத் தோல் என்ன ஆகிறது என்று கேளுங்கள். பெரிய வீட்டைப் பற்றி எழுதுவதானால் சாவியை வைத்திருக்கும் காவல்காரரிடமிருந்து தொடங்குங்கள். பங்காளிகள் எத்தனை பேர், எந்த நாட்டில் இருக்கிறார்கள், வீட்டை விற்க எத்தனை கையெழுத்து வேண்டும், இடித்த வீட்டின் தேக்குத் தூண் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு எந்த விலையில் போகிறது என்று வரிசையாகக் கேட்டுப் போனால், சொத்துச் சட்டமும் புலம்பெயர்வும் வணிகமும் ஒரே கதைக்குள் வந்துவிடும். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த பிறகு தறிகள் கூடினவா, குறைந்தனவா என்று நெசவாளர் தெருவில் போய் எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

செய்திக்கான பீட் ஒன்றை, அதாவது தொடர்ந்து கவனித்து எழுதும் ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது தண்ணீர். இது வானம் பார்த்த பூமி. கண்மாயும் ஊருணியும்தான் இந்த ஊர்களைக் காப்பாற்றியவை. கண்மாய் ஒன்று தூர்ந்து கிடக்கிறது என்றால் முதலில் அது யாருடையது என்று தெரிய வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம் உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஊருணி பெரும்பாலும் உள்ளாட்சியின் பொறுப்பு. இது தெரியாமல் தவறான அலுவலகத்தில் கருத்துக் கேட்டால், "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்ற ஒரு வரி கிடைக்கும். அதையும் செய்தியாகப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. இன்னொன்று, செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊருக்கு ஆட்சியர் வேறு.

கிராம சபை தவறவே கூடாத பயிற்சிக் களம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். உங்கள் ஊராட்சியில் உட்கார்ந்து கணக்கு வாசிப்பதைக் குறிப்பெடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு நாள் போய் வரிசையில் நிற்பவர்களிடம் பேசுங்கள். பத்துப் பேரிடம் பேசினால் இரண்டு செய்தி உறுதி.

காரைக்குடி நகராட்சி சுற்றுவட்டாரப் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 2024-இல் மாநகராட்சி ஆனது. இது ஒரு மாணவருக்கு மூன்றாண்டுக்கும் தீராத சுரங்கம். நூறு நாள் வேலை கிராமங்களுக்கானது என்பதால், ஊராட்சி மாநகராட்சியில் கரைந்ததும் அதை நம்பியிருந்த குடும்பம் என்ன செய்கிறது? வீட்டு வரி எவ்வளவு மாறியது? கிராம சபை இல்லாமல் போன ஊரில் குறை சொல்ல எங்கே போகிறார்கள்? குப்பை எந்த ஊர் எல்லையில் கொட்டப்படுகிறது?

இதற்கெல்லாம் ஆவணம் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை மாணவராக இருக்கும்போதே பயன்படுத்திப் பழகுங்கள். வெள்ளைத் தாளில், குறிப்பிட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ் மனு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் ஆவணத்தில் இல்லாத கருத்தையோ காரணத்தையோ அந்தச் சட்டத்தின்படி புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை. "இந்த ஊருணிக்கு இந்த ஐந்து நிதியாண்டுகளில் ஒதுக்கிய தொகை, வேலை உத்தரவு நகல், அளவீட்டுப் புத்தகப் பக்கங்களின் நகல்" என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இரண்டாமாண்டு தொடக்கத்தில் போட்ட மனுவுக்கு மூன்றாமாண்டில் கதை கிடைத்தாலும் நட்டமில்லை.

ஆறாம் படி: எதை எழுதக்கூடாது

ஊடகச் சட்டத் தாளைத் தேர்வுக்கு முதல் நாள் படித்துவிட்டு மறக்கிறவர்கள்தான் பிறகு வக்கீல் நோட்டீஸ் வாங்குகிறார்கள். அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை எல்லாருக்கும் உரியது. செய்தியாளருக்கென்று தனி உரிமை எதுவும் அதில் இல்லை. 19(2) அதற்கு வரம்பு கட்டுகிறது. அவதூறு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 356-ஆவது பிரிவுக்கு வந்துவிட்டது. பழைய நூலகப் புத்தகத்தை வைத்துப் படித்தால் பிரிவு எண் தப்பும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குழந்தையானால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் வெளியிட விடாது. சின்ன ஊரில் பெயரைப் போடாமல் தெருவையும் தந்தையின் தொழிலையும் போட்டாலே போதும், மொத்த ஊருக்கும் யாரென்று தெரிந்துவிடும். தற்கொலைச் செய்திக்கு இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் நெறிமுறை ஏற்றுக்கொண்டது. முறையை விவரிப்பதும் ஒற்றைக் காரணம் சொல்வதும் கூடாது, உதவி எண் தர வேண்டும்.

சாதி பற்றிச் சொல்லாமல் செட்டிநாட்டில் செய்தி எழுத முடியாது. தேவகோட்டை அருகே கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கும் உரிமை பற்றிய தகராறில் தேரோட்டம் பல ஆண்டுகள் நின்று, நீதிமன்றம் வரை போய், 2024-இல் பலத்த போலீஸ் காவலுடன் மீண்டும் நடந்தது. இதை "கோலாகலத் தேரோட்டம்" என்று மட்டும் எழுதுவதும் பொய், "பதற்றம்" என்று மட்டும் எழுதுவதும் அரைகுறை. நீதிமன்ற உத்தரவை முழுதாகப் படித்து, வடம் பிடிக்க உரிமை கேட்டவர்கள், கொடுக்க மறுத்தவர்கள், அதிகாரிகள் எல்லாரிடமும் பேசி எழுத வேண்டும். நீங்களும் இந்த ஊரில் ஏதோ ஒரு தெருவில் பிறந்தவர்தான். உங்கள் தெரு சொல்லும் கதை உங்களுக்கு இயல்பான உண்மையாகத் தோன்றும். ஆகவே அடுத்த தெருவுக்கு இரண்டு முறை போங்கள்.

ஏழாம் படி: கேமராவும் ஒலியும்

இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. கையிலிருக்கும் கைப்பேசியே போதும். முதலில் வாங்க வேண்டியது காலரில் மாட்டும் மைக், இரண்டாவது சின்ன முக்காலி. படம் ஆடினாலும் பார்ப்பார்கள், ஒலி இரைந்தால் தள்ளிவிடுவார்கள். படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ், ஒலிக்கு ஆடாசிட்டி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் கல்லூரிக் கணினியில் இருந்தால் பழகுங்கள். விலை உயர்ந்த கேமரா கேட்டு வீட்டில் சண்டை போடுவதை மூன்றாமாண்டுக்கு ஒத்திவையுங்கள்.

எட்டாம் படி: பயிற்சி

கோடை விடுமுறை ஒவ்வொன்றையும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கழிக்க வேண்டும். விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல தலைமுறைச் செய்தியாளர்களை உருவாக்கியது. அறிவிப்பு வரும்போது தவறாமல் விண்ணப்பியுங்கள், கல்லூரியில் எந்தப் படிப்பு படிப்பவரும் போட்டியிடலாம். நாளிதழ்களின் மதுரை, திருச்சிப் பதிப்பு அலுவலகங்களுக்கு நேரில் போய்க் கேளுங்கள். நேரில் நிற்கும் பிள்ளையை விரட்டுவது அவர்களுக்கும் கடினம்.

உள்ளே போனதும் நிருபருடன் சுற்றவே எல்லாரும் ஆசைப்படுவார்கள். நீங்கள் மேசைப் பக்கம் உட்கார்ந்து, வந்த செய்தி திருத்திய பின் எப்படி ஆனது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் வெளிவந்த ஒவ்வொன்றையும் தேதியுடன் வெட்டி ஒரு கோப்பிலும், மின்வடிவில் ஓர் இடத்திலும் சேருங்கள். பெயர் வராமல் வெளியான செய்தியானால், நீங்கள் எழுதிய மூலப் பிரதியையும் கூடவே வையுங்கள்.

சென்னைப் பக்கம் போகிறவர்கள் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994 முதல் ஆய்வு நூலகமாக இயங்குகின்றன. நம் ஊர்ப் பழைய இதழ்களைப் பற்றி ஆய்வேடு எழுத நினைக்கும் இறுதியாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஒன்பதாம் படி: முதல் வேலை

நாளிதழில் உதவி ஆசிரியர், நிருபர், தொலைக்காட்சியில் செய்தித் தயாரிப்பு, மின்னிதழ், நிறுவன மக்கள் தொடர்பு, அரசு விளம்பரத் துறை, உள்ளடக்க எழுத்து என்று வாய்ப்புகள் பல. தமிழும் ஆங்கிலமும் ஒருசேர எழுதத் தெரிந்தவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். தொடக்கச் சம்பளம் பொறியியல் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடும் அளவில் இருக்காது. பெற்றோர் இதைச் சேர்க்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஊரிலேயே பகுதி நேர நிருபராக இருக்கச் சொல்லி அழைப்பு வரலாம். அடையாள அட்டை தருவார்கள், மாதச் சம்பளம் இருக்காது, செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை இருக்கும். கூடவே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்பார்கள். யாரிடம் விளம்பரம் கேட்டீர்களோ அவரைப் பற்றி மறுவாரம் எழுத முடியாது. கை பழகுவதற்காக ஓராண்டு செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம். எந்த அலுவலகமானாலும் நியமனக் கடிதம், சம்பளத் தொகை, வருங்கால வைப்பு நிதி, பயணப்படி நான்கும் எழுத்தில் வந்த பிறகே ஊரில் சொல்லுங்கள். "அட்டை மட்டும் இப்போது வைத்துக்கொள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றால், உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அலுவலகத்துக்கு நடையைக் கட்டுங்கள்.